வலது காதுக்கு வாகான இடம்

சட்டசபையில் ஓட்டெடுப்பு நடந்தபோது தெய்வசிகாமணி அவைக்குள்தான் இருந்தார். வரவில்லை என்று எழுதிவிட்டார்கள். நடந்தது இவ்வளவுதான். இதற்காகத்தான் எழுபத்திரண்டு வயதில், நாலு முறை ஜெயித்த மனுஷன், காலை பத்தேகால் மணிக்குக் கொறடா அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு வெள்ளைத்தாள். ஏன் வரவில்லை என்று பன்னிரண்டு மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வந்தவன் ஏன் வரவில்லை என்று என்னத்தை எழுதுவது? பேனாவைத் திறந்தார். மூடினார். கட்சிக்காரன் வந்தானா, சொன்ன பக்கம் எழுந்து நின்றானா என்று தலை எண்ணுகிறவன்தான் கொறடா. அமலதாசனுக்கு அந்த வேலை. இவரைவிட இருபது வயது சின்னவன். ஒரு காலத்தில் இவர் ஜீப்பில் தொங்கிக்கொண்டு வந்தவன். இப்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறான். எதற்குச் சாத்த வேண்டும்? இத்தனை நாளில் அந்தக் கதவைச் சாத்தி இவர் பார்த்ததில்லை. உள்ளே பேசுகிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று பெஞ்சில் இருக்கிற மற்றவர்களுக்குக் கேட்கலாம். இவருக்குக் கேட்காது. அதுதான் சங்கதி. இடது காது போய் நாலு வருஷம். வலது காதும் பாதிதான். யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அடுத்த தேர்தலில் டிக்கெட் கிடையாது. வேம்பனேரித் தொகுதிக்கு ஆறு பேர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள். செவிட்டுக் கிழவனுக்கு எதற்கு என்று ஒருத்தன் ஆரம்பித்தால் போதும். மருமகள் ஒரு மிஷின் வாங்கிக் கொடுத்தாள். ஒரு கல்யாணத்தில் மாட்டிக்கொண்டு போனார். வாழ்த்திப் பேசும்போது மைக்குக்குப் பக்கத்தில் விசிலடித்தது. அன்றைக்கே கழற்றி பீரோவில் சாக்ஸுக்கு அடியில் போட்டாயிற்று.

நூற்றுப் பதினேழு அவருடைய இருக்கை. அவைக்கு வலப்பக்கக் கோடி. அங்கே உட்கார்ந்தால் பேசுகிறவன் எல்லாம் இடது காதுப் பக்கம். உதடு அசையும், சத்தம் வராது. மறுகோடியில், அதே கட்சிக்காரன் பூங்காவனத்தின் இடம் தொண்ணூற்று நாலு. அங்கே எல்லாமே வலப்பக்கத்திலிருந்து வரும். பூங்காவனம் வெளியே போகும்போதெல்லாம் அங்கே போய் உட்காருவது வழக்கம். நண்பன் இடம்தானே. யாரும் கேட்டதில்லை. முந்தாநாள் பதினொன்றரை இருக்கும், பூங்காவனம் எழுந்து வந்து இவர் தோளைத் தொட்டு, குனிந்து சொன்னான்: “அண்ணே, நம்ம இடத்துல போய் உக்காருங்க, அங்க காத்து நல்லா...” அதற்குமேல் கேட்கவில்லை. காத்தா, காதா? காத்து நல்லா வரும் என்றானா, காது நல்லா கேக்கும் என்றானா? அப்போது யோசிக்கவில்லை. போய் உட்கார்ந்துவிட்டார். இப்போது இரண்டு நாளாக அதுதான் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. அவை பூராவும் ஏ.சி. ஏ.சி. ஓடுகிற இடத்தில் காத்து எதற்கு? ஜன்னல்கூடக் கிடையாது. அப்படியென்றால் காது. அப்படியென்றால் இவனுக்குத் தெரியும். எப்போது தெரிந்தது? யார் சொன்னது? இல்லை, ஏ.சி. காத்தைத்தான் சொன்னானோ. தொண்ணூற்று நாலுக்கு நேர் மேலே ஒரு துவாரம் இருக்கிறது. இருக்கிறதா? நிமிர்ந்து பார்த்ததாக ஞாபகம் இல்லை. மணி அடித்தது. கதவுகளைச் சாத்தினார்கள். ஐந்து ஏக்கருக்குக் குறைந்த ஏரி குளத்தை அரசு வேறு காரியத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு மசோதா. அந்தப் பிரிவை எடு என்று இவர் கட்சி கொண்டுவந்த திருத்தம். வழக்கமாக ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க என்பார்கள். எவன் குரல் என்று யார் பார்த்தது? முப்பது வருஷத்தில் தலை எண்ணி ஓட்டெடுப்பு நடந்தது இரண்டோ மூன்றோ தடவை. அதனால் யாருக்கும் அந்தப் பழக்கமே இல்லை. பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொன்னார்கள். இவர் நின்றார். உட்கார்ந்திருந்த தொண்ணூற்று நாலிலேயே நின்றார். எழுத்தர் ஒருவர் கையில் வரைபடத்தோடு வரிசை வரிசையாக வந்து டிக் போட்டுக்கொண்டு போனார். முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியின் எண்ணைப் பார்த்தார். தொண்ணூற்று நாலு, டிக். நூற்றுப் பதினேழு, காலி. பூங்காவனம் வந்தாயிற்று. தெய்வசிகாமணி வரவில்லை. திருத்தம் ஒன்பது ஓட்டில் தோற்றது. கட்சியில் வராதவர் பதினொரு பேர். வேம்பனேரியில் செங்கால் ஏரி மூன்றரை ஏக்கர்.

பெஞ்சின் அந்தக் கோடியில் ஞானப்பிரகாசமும் மாசிலாமணியும். அவர்களும் வராதவர் பட்டியலில் இருப்பவர்கள். ஞானப்பிரகாசம் தடியன், சத்தமாகப் பேசுவான், அதனால் கேட்டது. “யோவ், வயித்துப்போக்கு எழுதாத. ஏற்கெனவே மூணு பேரு எழுதிட்டாங்க. கேன்டீன்காரன் மேல கேசு போட்டுடப் போறாங்க.” மாசிலாமணி பேனாவின் மூடியைக் கடித்தான். “பல்லுன்னு போடட்டுமா?” “பல்லு வலிச்சா எந்திரிச்சு நிக்க முடியாதா? எண்ணுனது தலைய, பல்லை இல்ல.” “மச்சினன் இறந்துட்டாருன்னா?” “போன கூட்டத்தொடர்லயும் அவருதான் செத்தாரு.” இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் மாசிலாமணி தலையைக் குனிந்து என்னவோ சொன்னான். அதில் காதுகுத்து என்று ஒரு வார்த்தை விழுந்தது. யாருக்குக் காது குத்துகிறான்? பேத்திக்கா? மாசிலாமணிக்குப் பேத்தியே கிடையாது, மகனுக்கு இன்னும் பெண் தேடுகிறான். அப்படியென்றால் என்னைச் சொல்கிறான். எனக்கே காது குத்துகிறான். இல்லை, தங்கை பேத்தியாக இருக்கலாம். இருக்கலாம் இருக்கலாம் என்று எத்தனையைத்தான் விடுவது? அவர்கள் பக்கம் முறைத்துப் பார்த்தார். ஞானப்பிரகாசம், “என்னண்ணே, நீங்க என்ன எழுதப் போறீங்க?” என்றான். இவர், “பார்க்கலாம்” என்றார். எது கேட்டாலும் சொல்வதற்கு ஏதுவாக நாலைந்து சொற்கள் வைத்திருக்கிறார். பார்க்கலாம், அப்படியா, செய்வோம், அது சரி. நாலு வருஷமாக அந்த நாலைந்தை வைத்துத்தான் அரசியல் ஓடுகிறது. ஒருமுறைகூட, என்ன, இன்னொரு தடவை சொல்லு என்று கேட்டதில்லை. கேட்டால் போயிற்று.

நேற்றுக் காலை பேப்பரில் போட்டுவிட்டார்கள். பதினொரு பேர் எங்கே என்று பெரிய எழுத்தில். வரிசையாகப் பதினொரு முகம். இவருடையது கடைசியில், பழைய படம், மீசை கருப்பு. அதை யார் கொடுத்தது? அந்தப் படம் இவர் வீட்டு ஆல்பத்தில்தான் உண்டு. உதவியாளன் ஜெயசீலன் பேப்பரை மடித்து, அந்தப் பக்கம் உள்ளே போகிற மாதிரி மடித்துக் கொண்டுவந்து வைத்தான். எதற்கு உள்பக்கமாக மடித்தான்? மனசு கஷ்டப்படும் என்றா? இல்லை, படத்தைக் கொடுத்தவன் அவன்தானா? காபி கொடுக்கும்போது கண்ணைப் பார்க்கவில்லை. பிறகு தொகுதியிலிருந்து போன் வர ஆரம்பித்தது. போனில் இவருக்குப் பாதி புரியாது. வலது காதில் அழுத்திக்கொண்டு அது சரி, அது சரி என்றார். என்ன விலைக்குப் போனே என்று ஒருத்தன் கேட்டிருக்கிறான், அதற்கும் அது சரி என்றிருக்கிறார். ஜெயசீலன் பிடுங்கித் தான் பேசிய பிறகுதான் தெரிந்தது. கடைசியாக ஒரு பொம்பளைக் குரல். ஏரிப் பாசனத்துக்காரி. பேர் சொன்னாள், விளங்கவில்லை. ஏதோ நீளமாகச் சொன்னாள், விளங்கவில்லை. முடிக்கும்போது ஒரே ஒரு சத்தம். அது மட்டும் துல்லியமாகக் கேட்டது. தூ. இப்போதும் கேட்கிறது. வலது காதில் அந்த எச்சில் இன்னும் காயவில்லை. அப்பாவோடு செங்கால் ஏரி மதகில் நின்று ஓட்டுக் கேட்டது முதல் தேர்தல். இந்த ஏரியில் ஒரு கூடை மண் விழவிட மாட்டேன் என்று சொன்னார். மைக் இல்லை. அவர் குரல் அவருக்கே கணீர் என்று கேட்டது. இப்போது வயிற்றுப்போக்கு என்று எழுதினால் கட்சி மன்னித்துவிடும். கொறடா சொல்லை மீறினால் பதவியே பறிபோகும், பதினைந்து நாளைக்குள் கட்சி மன்னித்தால் ஆபத்து இல்லை. ஆனால் எழுதினால் வரவில்லை என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி. அந்தப் பொம்பளை துப்பினது சரி என்று கையெழுத்துப் போட்ட மாதிரி. வந்தேன், வேறு இடத்தில் நின்றேன் என்று எழுதினால், ஏன் வேறு இடம் என்பான் அமலதாசன். அங்கேதான் காது வருகிறது. அடுத்த தடவை டிக்கெட் போகிறது. இப்படிப் போனாலும் வெட்டு, அப்படிப் போனாலும் வெட்டு. அந்த வரிசையில் பக்கத்தில் நின்றவர்கள் வாயைத் திறக்கலாம் அல்லவா? தொண்ணூற்று மூன்று வாயைத் திறக்க மாட்டான், பூங்காவனத்தின் சம்பந்தி. தொண்ணூற்று ஐந்து அன்றைக்குக் காலி. பட்டியலில் இருக்கிறான். யோசித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. இவ்வளவு பொருந்துவது சந்தேகமாக இருக்கிறது.

தோளில் ஒரு கை விழுந்தது. பூங்காவனம். சலவைச் சட்டை, சந்தன வாசனை. இவ்வளவு நேரம் யாரை நினைத்துக்கொண்டிருந்தாரோ அவனே வந்து பக்கத்தில் உட்காருகிறான். உட்கார்ந்தது இடது பக்கம். பெஞ்சில் வலது பக்கமும் இடம் இருந்தது. ஏன் இடது பக்கம்? பூங்காவனம் முழங்காலில் கை வைத்து, தரையைப் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தான். தெய்வசிகாமணி தலையைத் திருப்பலாம். திருப்பினால் தெரிந்துவிடும். நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சத்தம் கிணற்றுக்குள் கல் விழுகிற மாதிரி வந்தது. மக... ஆஸ்பத்திரி... அண்ணே... முந்தாநாள் எங்கே போனான் என்று சொல்கிறான். மகளா, மகனா? ஆஸ்பத்திரியா, ஆத்திரமா? மன்னிப்புக் கேட்கிறானா? குரல் கொஞ்சம் தழுதழுத்தது. தழுதழுத்ததா, இவருக்குத்தான் அப்படிக் கேட்டதா? ஓரக்கண்ணால் பார்த்தார். உதடு வேகமாக அசைந்தது. பதினைந்து வருஷப் பழக்கம். இவர் மனைவி செத்தபோது மூன்று நாள் வீட்டில் கிடந்தவன். அவன் போய் இப்படிச் செய்வானா? செய்வான். எவனும் செய்வான். மூன்று நாள் கிடந்ததுகூட எதற்கோ. கடைசியில் பூங்காவனம் இவர் பக்கம் திரும்பி, முகத்தைப் பார்த்து, இவருக்கும் கேட்கிற மாதிரி, “சரிதானேண்ணே?” என்றான். இவர் தலையாட்டினார். “அது சரி” என்றார். பூங்காவனம் இவர் கையை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினான். எழுந்தான். கதவைத் தட்டாமல் திறந்து உள்ளே போனான். உள்ளேயிருந்து எவனும், காத்திரு என்று சொல்லவில்லை.

எதற்குத் தலையாட்டினோம்? எது சரி? நான் போய்ச் சொல்லிவிடுகிறேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சரிதானேண்ணே என்றானா? அப்படியென்றால் நல்லவன். இதை வெளியே விடாதீங்க, சரிதானேண்ணே என்றானா? அப்படியென்றால் விற்றாயிற்று, கூலிகூட இல்லாமல். எழுந்து போய்க் கதவில் வலது காதை வைத்துக் கேட்கலாமா என்று தோன்றியது. எழுந்தே விட்டார். ஞானப்பிரகாசம், “எங்கண்ணே?” என்றான். “தண்ணி” என்றார். போய்க் குடித்தார். தாகமே இல்லை. திரும்பி வருவதற்குள் பூங்காவனம் வெளியே வந்து மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தான். முதுகு தெரிந்தது. ஒரு முதுகைப் பார்த்து என்ன கண்டுபிடிப்பது? நிம்மதியான முதுகு என்று நினைத்தார். பதினொன்று இருபது. தாள் வெள்ளையாகவே இருந்தது. அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். கதர்ப் புடவை, தலையில் முக்காடு, மூக்குக்கண்ணாடி. கையில் சுருக்கெழுத்து நோட்டும் தட்டச்சுத் தாள்களும். அவையின் நடுவில் மேஜையில் உட்கார்ந்து பேச்சை எழுதுகிறவர்களில் ஒருத்தி. பத்து நிமிஷத்துக்கு ஒருவராக மாறி மாறி வந்து உட்காருவார்கள். எத்தனையோ வருஷமாகப் பார்க்கிற முகம். பேர் தெரியாது. கேட்டதில்லை. அவள் கதவுக்கு முன்னால் நின்று, திரும்பி, இவரைப் பார்த்தாள். சும்மா போகிற பார்வை இல்லை. முகம் சரியா என்று ஒத்துப் பார்க்கிற பார்வை. பிறகு உள்ளே போனாள். இவளுக்கு இங்கே என்ன வேலை? சபாநாயகர் அலுவலகத்து ஆள் ஒரு கட்சிக் கொறடாவைத் தேடி வருவானேன்? அதுவும் நோட்டோடு. நான் பேசியது எதையாவது எழுதி வைத்திருக்கிறாளா? அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. இரண்டு நாளாக அந்தப் பக்கமே போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்த மனசு, முட்டிக்கொண்டது. எண்ணும்போது சபாநாயகர் ஏதோ சொன்னார். எல்லாரும் இவரைப் பார்த்தார்கள். எழுந்து நிற்கச் சொல்கிறார் என்று நினைத்து இவர் ஒரு சத்தம் போட்டார். அவை முழுக்கச் சிரித்தது. உட்காரலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் எல்லாம் உட்கார்ந்தாயிற்று. இவர் மட்டும் தனியாக நின்று கத்தியிருக்கிறார். சிரிப்பு மட்டும் நன்றாகக் கேட்டது. அவமானத்தில் கீழே குனிந்தபோது கண்ணில் பட்டது இந்தப் பெண்தான். அவள் சிரிக்கவில்லை. பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. எழுதிவிட்டாள். செவிடன் கத்தினான் என்று எழுதி வைத்துவிட்டாள். இப்போது அதைக் கொண்டுபோய் உள்ளே காட்டுகிறாள். காது போயிற்று, டிக்கெட் போயிற்று. இருபது நிமிஷம் கழித்து அவள் வெளியே வந்தாள். இவரைத் தாண்டும்போது நின்று ஏதோ சொன்னாள். இடது பக்கம். “அது சரி” என்றார் இவர். அவள் போய்விட்டாள்.

கூப்பிட்டார்கள். உள்ளே அமலதாசன் மேஜைக்குப் பின்னால் இருந்தான். எழுந்தான். எழுந்திருக்க மாட்டான் என்று நினைத்திருந்தார். “உக்காருங்கண்ணே. தாளு?” வெள்ளைத்தாளை மேஜையில் வைத்தார். அமலதாசன் திருப்பிப் பார்த்தான். “பூங்காவனம் சொன்னாரே, வயித்துப்போக்குன்னு எழுதித் தர்றீங்கன்னு. ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சு, அண்ணன் தலையாட்டிட்டாருன்னாரு.” அப்படியா என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினார். ஆக, தலையாட்டினது இதற்குத்தான். ரொம்ப நேரம் யோசித்து யோசித்துக் கடைசியில் சந்தேகம் சரியாகப் போனதில் ஒரு சந்தோஷமும் இல்லை. “நான் ஒத்துக்கல” என்றார். “தெரியுது” என்றான் அமலதாசன். அவைக் குறிப்பின் தட்டச்சுத் தாள் ஒன்றை அவர் பக்கம் தள்ளினான். விரல் வைத்துக் காட்டினான். பகல் 12-41, கதவுகள் மூடப்பட்டிருந்தன. அதற்குக் கீழே: திரு. இரா. தெய்வசிகாமணி: “எந்திரிச்சுத்தானய்யா நிக்கிறேன்!” அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் சிரிப்பு. அவர் இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவையும் படித்தார். அமலதாசன் சத்தமாகச் சொன்னான்: “வராத மனுஷன் எப்படிண்ணே எந்திரிச்சு நிப்பாரு? அன்னிக்குச் சிரிச்சவன் எவனும் வாயைத் திறக்கல, தாளுல இருக்கிறதுதான் கணக்கு. வரைபடத்துல அந்த இடம் பூங்காவனத்துது. அதனால இதுலயும் பேரை மாத்தி பூங்காவனம்னு போடுங்கன்னு நேத்து சாயங்காலம் இப்ப வந்துட்டுப் போன அந்தம்மாகிட்ட அவரு ஆள் போயிருக்கு. மாட்டேன்னுட்டாங்க. நான் ஆளை எழுதுறவ, நாற்காலிய எழுத மாட்டேன்னு சொல்லி, காலையில சபாநாயகர்கிட்டயே கொண்டுபோய் வெச்சுட்டாங்க. உங்க பேரு பட்டியல்ல இருந்து எடுத்தாச்சு. இன்னும் பதினொண்ணுதான். அந்த எடத்துக்கு வேற பேரு வந்தாச்சு.” மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார் தெய்வசிகாமணி. “ஏரி?” என்றார். “அது போனது போனதுதாண்ணே. நீங்க நின்ன ஓட்டை அப்பவே எண்ணியாச்சு. அது அவரு பேருல இருந்துச்சு, அவ்வளவுதான்.” பிறகு அமலதாசன், எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டான். “ஆமா, நீங்க ஏன் அங்க போய் உக்காந்தீங்க?” பார்க்கலாம், அப்படியா, செய்வோம், அது சரி. நாலும் வரிசையாக வந்து நின்றன. எதுவும் பொருந்தவில்லை. “இடது காது சுத்தமாக் கேக்காது” என்றார். “நாலு வருஷமா. வலதும் பாதிதான்.” சொல்லிவிட்டு அமலதாசன் முகத்தை உற்றுப் பார்த்தார். சிரிப்பானா, இரக்கப்படுவானா, உள்ளுக்குள் குறித்துக்கொள்வானா? அவன் ஒன்றும் செய்யவில்லை. “தெரியும்ணே” என்றான். “எல்லாருக்கும் தெரியும். நாங்க எல்லாம் உங்ககிட்ட எதுக்குக் கத்திப் பேசுறோம்னு நெனச்சீங்க?” டிக்கெட்டைப் பற்றி அவன் வாயைத் திறக்கவில்லை. இவரும் கேட்கவில்லை. அதைப் பற்றி ராத்திரியெல்லாம் சந்தேகப்படலாம், நேரம் இருக்கிறது. கதவு வரை போனவர் நின்றார். “அந்தம்மா பேரு என்ன?” அமலதாசன் சொன்னான். உதடு அசைந்தது. மெ என்று ஆரம்பித்தது, மற்றது எல்லாம் காற்றில் போயிற்று. அப்படியா என்று சொல்லிவிட்டு வெளியே போகலாம். போய் ஜெயசீலனிடம் விசாரிக்கலாம். அவர் போகவில்லை. “கேக்கல” என்றார். “இன்னொரு தடவை சொல்லு.” அமலதாசன் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, அவர் வலது பக்கம் நின்று, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். சுருக்கெழுத்தர் மெஹருன்னிசா.